பழைய காமிக்ஸ் விலை: புலம்பலும் கணக்கும்

பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்கள் இருக்கும் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் மாதத்துக்கு ஒருமுறையாவது இந்தச் சண்டை வந்துவிடும். யாராவது ஒருத்தர் எழுபதுகளில் வந்த முத்து காமிக்ஸ் ஒன்றைப் படம் எடுத்துப் போட்டு, கீழே நாலு இலக்கத்தில் ஒரு விலையும் போடுவார். "இன்பாக்ஸ் பாருங்க" என்று இரண்டு பேர். "அநியாயம் சார், பகல் கொள்ளை" என்று பத்துப் பேர். "இஷ்டம் இருந்தா வாங்குங்க, இல்லேன்னா விடுங்க, யாரும் கையைப் பிடிச்சு இழுக்கலை" என்று விற்பவருக்கு ஆதரவாக ஒருத்தர். மறுநாள் பார்த்தால் புத்தகம் விற்றுப் போயிருக்கும். சண்டையும் ஓய்ந்திருக்கும்.

இரண்டு தரப்புமே பேசாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அதற்குப் போவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடலாம். "காமிக்ஸ் விலை ஏறிப்போச்சு" என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வேறு விலைகள் இருக்கின்றன. ஒன்று புது இதழின் அட்டை விலை, மற்றது பழைய இதழின் சந்தை விலை. இரண்டும் ஏறியதற்குக் காரணங்கள் வேறு. ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் கோபம் தப்பான இடத்தில் போய் விழும்.

புது இதழின் கணக்கு

1984 ஜூலையில் ராணி காமிக்ஸ் தொடங்கியபோது விலை ஒன்றரை ரூபாய். தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்துப் பெருக்கிப் பார்த்தால் விலைவாசி அன்றிலிருந்து பதினைந்து மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அதாவது அன்றைய ஒன்றரை ரூபாய் இன்றைக்குச் சுமார் 25 ரூபாய். இன்று லயன், முத்து காமிக்ஸின் வண்ண இதழ் நூறு ரூபாயைச் சுற்றியும் அதற்கு மேலும் இருக்கிறது. ஆக, விலைவாசியைக் கழித்த பிறகும் நாலு மடங்கு.

ஆனால் இந்த நாலு மடங்கும் ஒரே பொருளுக்கானது இல்லை. ராணி காமிக்ஸ் தினத்தந்தி குழுமத்தின் வெளியீடு. நாளிதழ் போகிற முகவர் வழியாகவே ஊர் ஊராகப் போய்ப் பெட்டிக்கடையில் தொங்கியது. மலிவுத் தாள், பெரிய அச்சு எண்ணிக்கை. சிவகாசியில் இருந்து வந்த லயனும் முத்துவும்கூட நீண்ட காலம் மலிவுத் தாளில்தான் வந்தன. 2012 ஜனவரியில் லயன் 'கம்பேக் ஸ்பெஷல்' நூறு ரூபாய் விலையில் வந்தது. அதற்குப் பிறகு வழவழப்பான தாள், முழு வண்ணம், ஐரோப்பியப் பதிப்பகங்களின் ஆல்பங்கள் என்று ஆட்டமே மாறிவிட்டது. வெளிநாட்டு உரிமைத் தொகை, இறக்குமதித் தரத் தாள், நாலு வண்ண அச்சு எல்லாம் விலையில் சேர்ந்துகொண்டன.

இதைவிட முக்கியமான காரணம் எண்ணிக்கை. ஆஃப்செட் அச்சில் பிளேட் போடுவதற்கும் மிஷினைத் தயார் செய்வதற்கும் ஆகும் செலவு, ஆயிரம் பிரதி அடித்தாலும் ஐம்பதாயிரம் அடித்தாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மொழிபெயர்ப்பு, தட்டச்சு, பக்க அமைப்புச் செலவும் அப்படியே. ஐம்பதாயிரம் பேர் பங்கு போட்டுக் கொடுத்த பணத்தைச் சில ஆயிரம் பேர் கொடுக்க வேண்டியிருந்தால் தலைக்கு எவ்வளவு விழும்? மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது தினசரி பார்க்கும் கணக்கு.

அமெரிக்காவிலும் கதை இதேதான். 1938இல் சூப்பர்மேன் அறிமுகமான 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 64 பக்கம், 10 சென்ட். விலைவாசியால் பெருக்கினால் இன்று இரண்டே கால் டாலர். ஆனால் இன்றைய 32 பக்க இதழ், விளம்பரங்களையும் சேர்த்து, 4 முதல் 5 டாலர். பாதிப் பக்கம், இரட்டை விலை. அங்கேயும் தெருவுக்குத் தெரு விற்ற பொருள் தனிக் கடைக்குள் ஒதுங்கிய பிறகுதான் இது நடந்தது. கூட்டத்துக்கான பொருள் ஒரு வட்டத்துக்கான பொருளாகச் சுருங்கும்போது அட்டை விலை ஏறியே தீரும். இதற்காகச் சிவகாசியைத் திட்டுவதில் நியாயமே இல்லை.

பழைய இதழின் கணக்கு

பழைய இதழ் வேறு விவகாரம். அது அரிதாகப் போனதற்குக் காரணம் குறைவாக அச்சடித்தது அல்ல. மலிவாக இருந்ததுதான் காரணம். ஒன்றரை ரூபாய்ப் புத்தகத்தை யார் பத்திரப்படுத்துவார்கள்? படித்தோம், மாற்றிக்கொண்டோம், கிழித்தோம், பரீட்சை வந்ததும் அம்மா எடைக்குப் போட்டார். பழைய பேப்பர் கடையிலிருந்து அது பொட்டலமாகத் திரும்பி வந்தது. தப்பித்தவற்றைத் தாளே தின்றது. மலிவுத் தாளில் இருக்கும் லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகி, ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஸ்டேப்பிள் கம்பி துருப்பிடித்து நடுப்பக்கத்தைக் கழற்றும். மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும்.

'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் சுமார் 2 லட்சம் பிரதி அச்சானது, இன்று நூறு பிரதி அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கும் என்பது சேகரிப்பாளர்களின் மதிப்பீடு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பழைய தாளைத் திரட்டிய இயக்கமும் அங்கே நிறையக் காமிக்ஸை விழுங்கியது. நமக்குப் போர் தேவைப்படவில்லை, கடலைப் பொட்டலமே போதுமானதாக இருந்தது.

வாங்குகிற பக்கத்தைப் பார்த்தால், 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது பத்து வயதில் இருந்தவர்கள் இன்று ஓய்வுபெற்றவர்கள். எண்பதுகளில் லயன், திகில், மினி லயன், ராணி படித்த என் வயதுக்காரர்கள் இப்போது மாதச் சம்பளத்தின் நல்ல கட்டத்தில் இருக்கிறார்கள். தேடுகிற ஆசை முன்னாலும் இருந்தது. இப்போது கையில் காசும், ஊர் ஊராக அலையாமல் தேட ஃபோனும் இருக்கின்றன. மூர் மார்க்கெட், திருவல்லிக்கேணி நடைபாதை என்று சுற்றியவர் தன் கண்ணில் பட்டவருக்கு மட்டும்தான் போட்டியாக இருந்தார். இப்போது ஒரு புத்தகத்தின் படத்தைத் துபாயில் இருப்பவரும் கோயம்புத்தூரில் இருப்பவரும் ஒரே நிமிஷத்தில் பார்க்கிறார்கள். இருக்கிற பிரதி பத்து, கேட்கிற ஆள் நூறு என்றால் விலை எங்கே நிற்கும்?

இதிலிருந்து சிலர் "இது நல்ல முதலீடு சார், தங்கம் மாதிரி" என்று ஒரு முடிவுக்குத் தாவுகிறார்கள். இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்க விலைகளைக் காட்டி இந்த வாதத்தை வைக்கிறார்கள். ஸ்பைடர்மேன் அறிமுகமான 1962ஆம் ஆண்டின் 'அமேசிங் ஃபேன்டஸி' 15ஆம் இதழ், அன்று 12 சென்ட். நல்ல நிலையில் இருந்த பிரதி 2011இல் 11 லட்சம் டாலருக்கும், 2021இல் 36 லட்சம் டாலருக்கும் போனது. உண்மைதான். ஆனால் இடையில் அந்தப் பாத்திரத்தை வைத்து எத்தனை சினிமா வந்தது என்பதையும் எண்ண வேண்டும். இன்று பத்து வயதுப் பையனுக்கும் ஸ்பைடர்மேன் யார் என்று தெரியும். இரும்புக்கை மாயாவியை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நம்முடைய விலை முழுக்க முழுக்க ஒரு தலைமுறையின் ஞாபகத்தில் நிற்கிறது. அந்தத் தலைமுறைக்கு வயதாகும்போது விலைக்கும் வயதாகும்.

அமெரிக்கச் சந்தையே இதற்கு எச்சரிக்கையும் வைத்திருக்கிறது. 1991இல் 'எக்ஸ்-மென்' புது வரிசையின் முதல் இதழ் ஐந்து வித அட்டைகளோடு வந்து 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. பிள்ளைகளின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று நினைத்து ஆளுக்கு ஐந்தும் பத்தும் வாங்கி நெகிழிப் பையில் போட்டுப் பூட்டினார்கள். எல்லோரும் பூட்டி வைத்த பொருள் எப்படி அரிதாகும்? அந்த ஊதல் வெடித்துக் கடைகள் மூடி, 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் மனு போட்டது. இங்கே சிறப்பிதழ் வரும்போதெல்லாம் "படிக்க ஒண்ணு, வைக்க ஒண்ணு" என்று இரண்டு பிரதி வாங்கி, ஒன்றைப் பிரிக்காமலே அலமாரியில் வைக்கிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

சந்தை எதைக் குறை என்கிறது

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சி.ஜி.சி. என்ற நிறுவனம் காமிக்ஸுக்குத் தரமதிப்பீடு தொடங்கியது. புத்தகத்தை அனுப்பினால் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் திருப்பி அனுப்பும். உறையைத் திறந்தால் மதிப்பெண் போச்சு. 2024 ஏப்ரலில் இப்படி 8.5 மதிப்பெண் பெற்ற 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் ஒன்று 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் அதைப் பிரித்துப் படிக்கப் போவதில்லை. பிரித்தால் நஷ்டம்.

தமிழில் அப்படி ஒரு நிறுவனம் தேவைப்படவில்லை. ஆனால் அதன் பாஷை வந்துவிட்டது. "மிண்ட் கண்டிஷன்", "சீல் இல்லை", "பெயர் எழுதலை", "புதிர் போடலை" என்று விற்பவர்கள் இப்போது பட்டியல் போடுகிறார்கள். வாடகை நூலக முத்திரை இருந்தால் விலை குறையும். பைண்டிங் செய்து ஓரம் வெட்டியிருந்தால் இன்னும் குறையும். அட்டை இல்லையென்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த இடத்தில்தான் சேகரிப்பவரின் கண்ணும் ஆராய்கிறவரின் கண்ணும் பிரிகின்றன. வாடகை நூலக முத்திரை குறை என்றா சொல்கிறீர்கள்? அந்த முத்திரை ஒரு ஊரின் பெயரைச் சொல்கிறது. பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டு, ஒரு புத்தகம் எத்தனை கை மாறியது, எத்தனை வருஷம் சுற்றியது என்று சொல்கிறது. பென்சிலால் போட்ட குறுக்கெழுத்து, வாசகர் யார், என்ன வயது என்று ஊகிக்க இடம் தருகிறது. "ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவு" என்று உள்ளட்டையில் எழுதிய ஒரு பெயர், தமிழில் காமிக்ஸ் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்குக் கிடைக்கும் நேரடிச் சான்று. யாரும் தொடாத பளபளப்பான பிரதியிடம் இதில் ஒன்றுமே கிடையாது. சந்தை அதிக விலை வைப்பது யாரும் படிக்காத புத்தகத்துக்கு.

"மறுபதிப்புதான் வருகிறதே, அதை வாங்கிப் படித்துக்கொள்ளுங்களேன்" என்பது இன்னொரு பதில். வாசகருக்கு அது சரியான பதில். 'இரத்தப் படலம்' 2010இல் கறுப்பு வெள்ளையில் எண்ணூறு பக்கத்தைத் தாண்டிய ஒரே குண்டுப் புத்தகமாக 200 ரூபாய்க்கு வந்தது. தீர்ந்துபோன பிறகு அதற்குக் கைமாற்றுச் சந்தையில் பல மடங்கு விலை கேட்டார்கள். 2018இல் வண்ணத் தொகுப்பாக மறுபடி வந்தபோது, கதை வேண்டும் என்பவருக்கு வழி கிடைத்தது. மறுபதிப்புக்கு நான் எதிரி இல்லை.

ஆனால் மறுபதிப்பில் கதை மட்டும்தான் வரும். அந்த மாதம் வராது. பழைய இதழில் ஆசிரியர் பக்கம் இருந்தது, வாசகர் கடிதம் இருந்தது, அடுத்த வெளியீட்டு விளம்பரம் இருந்தது, அச்சகத்தின் பெயரும் விலையும் இருந்தன. உதாரணத்துக்கு ஒன்று: இரும்புக்கை மாயாவியின் மூலம் பிரிட்டனில் 1962இல் தொடங்கிய 'வேலியன்ட்' வார இதழில் வந்த தொடர். ஹேசுஸ் பிளாஸ்கோ வரைந்தது. வாரத்துக்குச் சில பக்கம், ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் ஒரு "தொடரும்". இதைத் தமிழில் ஒரே புத்தகமாக்கும்போது அந்த வாராந்திர முடிச்சுகளை எப்படி இணைத்தார்கள்? எந்தக் கட்டங்களை எடுத்தார்கள்? "கிராண்டெல்" என்ற மனிதர் "மாயாவி" ஆக மாறிய தமிழ் எந்த மாதிரித் தமிழ்? பிற்கால மறுபதிப்பில் அந்த வசனம் திருத்தப்பட்டதா? இதற்கெல்லாம் முதல் பதிப்பை மறுபதிப்போடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பதில். ஒரு பிரதி போதாது, வரிசையாக வேண்டும். அட்டை விலை எந்த மாதம் மாறியது என்ற சின்னக் கேள்விக்குக்கூட முன்னும் பின்னும் உள்ள இதழ்கள் தேவை.

வேறு வாசல் எங்கே?

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். 60 லட்சம் டாலர் விலை இருப்பதால் அமெரிக்காவில் ஒரு மாணவருக்குக் காமிக்ஸ் ஆராய்ச்சி செய்ய முடியாமல் போய்விட்டதா? இல்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தில் மட்டும் காமிக்ஸ் சார்ந்த 3 லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் இருக்கின்றன. 1970களில் ஒரு பேராசிரியரின் ஆர்வத்தில் தொடங்கிய சேகரிப்பு அது. 1994இல் தொடங்கிய 'கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ்' என்ற தன்னார்வத் திட்டத்தில் எந்த இதழ், எந்த மாதம், யார் எழுதியது, யார் வரைந்தது, என்ன விலை என்று எல்லாமே பதிவாகி, யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இருக்கிறது. அங்கே சந்தை ஒரு பக்கம் ஓடுகிறது, நூலகமும் அட்டவணையும் இன்னொரு பக்கம் இருக்கின்றன. பணக்காரர் ஒரு பிரதியைப் பூட்டி வைத்தால் வரலாறு பூட்டப்படுவதில்லை.

நமக்கு? நான் போய்க் கேட்ட நூலகங்களில் எண்பதுகளின் காமிக்ஸ் வரிசை எதுவும் கிடைக்கவில்லை. ஒரு இடத்தில் நூலகர் பொறுமையாகவே சொன்னார்: "சார், அதெல்லாம் பசங்க புக்கு. கிழிஞ்சதும் கழிச்சுடுவோம். கணக்குலயே ஏத்த மாட்டோம்." அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அச்சாகும் நூலை வெளியிடுபவர் குறிப்பிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 1954லேயே மத்திய அரசின் சட்டம் இருக்கிறது, சென்னை கன்னிமாரா அதில் ஒன்று. ஆனால் சட்டப்படி அனுப்புவது ஒன்று. வந்ததைப் "பசங்க புக்கு" என்று ஒதுக்காமல் வரிசைப்படுத்திக் காப்பாற்றுவது வேறு. இரண்டாவதற்கு, இது காப்பாற்ற வேண்டிய பொருள் என்ற எண்ணம் முதலில் வேண்டும்.

அந்த எண்ணம் இல்லாத இடத்தில், தமிழ்க் காமிக்ஸின் கடந்த காலத்துக்குள் போக ஒரே வாசல் சந்தைதான். வாசலில் நிற்கிறவர் கேட்கிற காசைக் கொடுத்தால்தான் உள்ளே. ஆகவே விலை ஏறியதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. சேகரிப்பவர் தன் காசில் தன் ஆசைக்கு வாங்குகிறார், விற்பவர் பழைய பேப்பர் கடையில் குனிந்து பொறுக்கிய உழைப்புக்குக் கூலி கேட்கிறார். விலையைத் தவிர வேறு வழியே இல்லாமல் விட்டதுதான் தப்பு. பகல் கொள்ளை என்கிறவரும் இஷ்டம் இருந்தால் வாங்கு என்கிறவரும் இதைப் பேசுவதில்லை.

சேகரிப்பாளரை எதிரியாக்குவதில் எனக்கு விருப்பமும் இல்லை. சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எப்படி வந்தது? கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கத் தேடித் தேடிச் சேர்த்தது. பெரிய நூல்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை போன்ற துண்டுத் தாள்களையும் அவர் விடவில்லை. 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, 1994இல் அது சென்னையில் நூலகமாகியது. இன்று தமிழ் அச்சு வரலாறு எழுதுகிறவர் யாரும் அதைத் தவிர்க்க முடியாது. ஆக, ஒருத்தரின் பைத்தியம் ஊருக்குச் சொத்தாக முடியும். நம் காமிக்ஸ் அலமாரிகளுக்கும் அந்த யோகம் வரலாம், நாம் ஏதாவது செய்தால்.

செய்யக்கூடியது பெரிய காரியம் இல்லை. கதைப் பக்கங்களை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆகச் சுற்றில் விட வேண்டாம். உரிமை வேறு ஆட்களிடம் இருக்கிறது. கொஞ்ச எண்ணிக்கையில் அச்சடித்துப் பிழைக்கும் பதிப்பாளரின் வயிற்றில் அடிக்கிற வேலை அது. அதற்குப் பதிலாக, கையில் இருக்கும் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு வரி போதும்: இதழ் எண், மாதம், வருஷம், விலை, பக்கம், கதைத் தலைப்பு, நாயகன், அச்சகம், ஆசிரியர் பக்கம் உண்டா, கடிதப் பகுதி உண்டா, முத்திரை இருந்தால் எந்த ஊர். ஒரு இதழுக்கு மூன்று நிமிஷம் ஆகும். புத்தகத்தை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை, அதன் சந்தை விலையும் ஒரு ரூபாய் குறையப் போவதில்லை. இருபது பேர் ஒரே மாதிரி அட்டவணையில் எழுதிச் சேர்த்தால், எந்த இதழ் எங்கேயும் இல்லை என்பதாவது தெரிந்துவிடும். இன்று அதுகூட நமக்குத் தெரியாது.

இன்னொன்று, சொல்ல கொஞ்சம் சங்கடமானது. நம் அலமாரியைப் பற்றி வீட்டில் சொல்லி வையுங்கள். எத்தனை ஆயிரம் ரூபாய் என்று சொல்ல வேண்டாம். எனக்குப் பிறகு இதை எடைக்குப் போடாதீர்கள், இன்னார் வந்து கேட்டால் கொடுங்கள் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்தால் போதும். ஒருமுறை பழைய பேப்பர் கடையில் தப்பித்த புத்தகம் மறுபடி அங்கேயே போய்ச் சேரக் கூடாது.

என்னிடம் இருக்கும் ராணி காமிக்ஸ் இதழ்களிலிருந்து தொடங்கியிருக்கிறேன். 2005 வரை வந்த தொடர் அது, இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் இருக்கிறது. முதல் அறுபது வரிகள் முடிந்தன. அதில் இருபத்திரண்டு பிரதிகளில் ஏதாவது ஒரு முத்திரையோ பெயரோ இருக்கிறது. "குறை" உள்ள இந்த இருபத்திரண்டிலிருந்து என்ன தெரிகிறது என்று அடுத்த குறிப்பில் எழுதுகிறேன். உங்களிடம் அட்டை கிழிந்த, சீல் குத்திய, யாரும் விலை கேட்காத இதழ்கள் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். முதலில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.